கிழவா, அவரிடம் சொல்லு

1

என் மகள் சோளம் வாங்கப் போனாள். இந்தக் கதை பிறந்தது அதனால்தான்.

கொஞ்சம் கௌரவமான காரணமாகச் சொல்லலாம் என்று மூன்று நாளாகப் பார்க்கிறேன், ஒன்றும் கிடைக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பெராஸ்தாகி மலையூர் மைதானத்தில் பழைய மோட்டார் சைக்கிள், கார் கண்காட்சி. குடும்பத்தோடு போயிருந்தோம். என் மகள் அரித்தா சுட்ட சோளம் வாங்கப் போய் வரிசையில் மாட்டிக்கொண்டாள். என் கணவர் உகுர் யாருடைய ஜீப்புக்கோ அடியில் தலையை விட்டுக்கொண்டு கிடந்தார். மிச்சம் நின்றது நானும் என் மாமனாரும். எங்கள் நடுவில் அவருடைய பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள்.

இதில் என்ன கதை என்று கேட்பீர்கள். கேளுங்கள், அதற்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் காரோ ஜனங்களிடம் மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசக் கூடாது. ஒரே பெஞ்சில் உட்காரக் கூடாது. வீட்டில் அவர்கள் இருவர் மட்டும் இருக்கக் கூடாது. ரெபு என்று அதற்குப் பெயர். சண்டை இல்லை, மரியாதை. பேசியே ஆக வேண்டுமென்றால் மூன்றாவது ஆள் வழியாகப் பேசலாம். ஆள் இல்லையென்றால் ஒரு பொருள் வழியாக. ‘சுவரே, பெங்கிலாகிட்ட சொல்லு, சோறு ஆறுதுன்னு’ என்பேன். சுவர் ஒன்றும் சொல்லாது, பெங்கிலா, அதாவது மாமனார், சாப்பிட வருவார்.

(‘எங்கள் காரோ ஜனங்கள்’ என்று எழுதிவிட்டேன். நான் மலைக்குக் கீழே மெடான் நகரத்தில் பிறந்த தமிழச்சி. கல்யாணத்துக்கு முன்னால் என் மாமியாரின் குலமான செம்பிரிங்கில் என்னைப் பெண்ணாகச் சேர்த்துக்கொண்டார்கள். செம்பிரிங் என்றால் கறுப்பு. இவளுக்குப் பெயர் வைக்கவே வேண்டாம், பார்த்தாலே தெரிகிறது என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதனால் ‘எங்கள்’ இருக்கட்டும், அடிக்கப் போவதில்லை.)

2

அடித்துப் போட்ட தொடக்கங்கள்:

‘சினாபுங் எரிமலையின் மேல் புகை ஒரு வெள்ளைத் தலைப்பாகையைப் போல—’ வேண்டாம். மலைக்குத் தலைப்பாகை கட்டிவிடும் ஆள் இல்லை நான்.

‘என் மாமனார் தெர்கெலின் கிந்திங் தன் வாழ்நாளில் இரண்டே விஷயங்களைத்தான் நேசித்தார்—’ பொய். அந்த மனிதர் எதை நேசித்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அரித்தாவுக்குப் பதிமூன்று வயது. அதைவிட நீண்ட காலம் அவருடைய வீட்டில் இருக்கிறேன். அவர் சொன்ன ஒரு வார்த்தைகூட நேராக என் காதுக்கு வந்ததில்லை.

எல்லாம் உகுர் வழியாக வந்தது. உகுர் நல்ல மனுஷன், ஆனால் படு மோசமான பத்திரிகை ஆசிரியர் மாதிரி. உள்ளே அவர் அப்பா அரை மணி நேரம் என் சமையலைப் பற்றிப் பேசுவார், குரல் மட்டும் எனக்குக் கேட்கும். என்ன சொன்னார் என்று கேட்டால், “நல்லாருக்குன்னாரு” என்பார் உகுர். அவ்வளவுதான் எனக்கு வந்து சேரும். மாமியார் இருந்த காலத்தில் நிலைமை தலைகீழ். அவர் அரை வரியை முக்கால் மணி நேரமாக்கி, உப்புக் காரம் போட்டுத் தருவார். அவர் போன பிறகுதான் வீட்டில் செய்திப் பஞ்சம் வந்தது.

‘ஒரு மோட்டார் சைக்கிளுக்காக ஒருத்தி கதை எழுதுவாளா?’ இது தொடக்கமாகத் தேறும். ஆனால் பதில் இப்போதே தெரிந்துவிடும். எழுதுவாள்.

3

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த வண்டி எனக்கு வேண்டும்.

மாமனாருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆன பிறகு அவரால் அதை உதைத்து ஸ்டார்ட் செய்ய முடியவில்லை. கண்காட்சிக்கு முந்தின வாரம் சாப்பாட்டு நேரத்தில் உகுரிடம் சொல்லிவிட்டார்: நம் குடும்பத்தில் யார் அதை உதைத்துக் கிளப்புகிறானோ அவன் எடுத்துக்கொள்ளட்டும், நிறுத்தி வைத்தால் செத்துப்போகும். உகுருக்கு அந்த வண்டியைக் கண்டாலே பயம், சின்ன வயதில் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்கால் வீங்கியவர். மிச்சம் இருப்பது மாமனாரின் தங்கை மகன் ஜெஃப்ரி. மெடானில் பழைய வண்டிகளாகச் சேர்த்துக் கண்ணாடிக் கொட்டகையில் வைத்திருக்கிறான். ஆக, யாரும் வாய் திறக்காவிட்டால் வண்டி மெடானுக்குப் போய்விடும்.

இனி இந்த வீட்டில் யாருக்கும் தெரியாத விஷயம். இங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். அந்த வண்டியை நான் கிளப்புவேன்.

வியாழக்கிழமை உகுர் காய்கறிச் சந்தைக்குப் போவார். அரித்தா பள்ளிக்கூடம். வீட்டில் நானும் அவரும் மட்டும் இருக்கக் கூடாது என்பதால் மாமனார் தடியை ஊன்றிக்கொண்டு சரிவில் இருக்கும் காப்பிக்கடைக்குச் செஸ் ஆடப் போய்விடுவார். அந்த நேரம் எனக்கு. ஆபரேஷன் முடிந்த புதிதில், ‘வாரம் ஒரு தடவையாவது இஞ்சினைச் சுத்த விடுடா’ என்று அவர் உகுரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. உகுர் சுத்த விடவில்லை. அவர் கிளப்புவதை அடுப்படி ஜன்னல் வழியாக எத்தனையோ காலம் பார்த்தவள் நான். உகுரின் தோட்டத்துப் பூட்ஸை மாட்டிக்கொண்டு போனேன். முதல் சில வாரங்கள் அது என்னை மனுஷியாகவே மதிக்கவில்லை. ஒரு நாள் உதைத்தேன், பிடித்துக்கொண்டது. கொட்டகையே அதிர்ந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அன்றிலிருந்து ஆரஞ்சு மரங்களுக்கு நடுவே, கோழிக் கூண்டைச் சுற்றி ஓட்டுவேன். கேட்டைத் தாண்டியதில்லை.*

*கேட்டை ஏன் தாண்டவில்லை என்றால், அது அவருடைய சீட். மாமனார் உட்காரும் இடத்தில் மருமகள் உட்கார்ந்து ஊர் நடுவே போனால் காப்பிக்கடையில் அவர் தலை நிமிர முடியுமா? எனக்கு வண்டி வேண்டும், அவர் தலை குனியவும் கூடாது.

(அந்த வியாழக்கிழமைகளில் மாமனார் காப்பிக்கடையிலிருந்து திரும்பும்போது துணிப்பையில் ஒரு பாட்டில் குலுங்கும். கள்தான், வேறென்ன? டாக்டர் கூடாதென்று சொல்லியிருந்தார். நான் உகுரிடம் போட்டுக் கொடுத்தேன். உகுர் அப்பாவைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். அவர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை, அடுத்த வியாழனும் பை குலுங்கியது. இது கதைக்குத் தேவையா தெரியவில்லை. பிறகு எடுத்துவிடலாம்.)

4

பயணத்தை நான்கு பக்கம் எழுதி, வெட்டி, இவ்வளவு மிச்சம் வைத்திருக்கிறேன்.

பிக்கப்பின் முன்பக்கம் ஒரே நீளச் சீட். ஆகவே அப்பாவும் மகனும் முன்னால். நானும் அரித்தாவும் பின்னால், கயிறு போட்டுக் கட்டிய வண்டிக்கு ஆளுக்கொரு பக்கம். மாமனார் அதைக் கிழவன் என்றுதான் கூப்பிடுவார். கல்யாணத்துக்குப் போடும் சிவப்பு உயிஸ் துணியைக் கிழவனின் டேங்க்கின் மேல் போர்த்தியிருந்தார். வளைவுக்கு வளைவு கிழவன் என் மேல் சாய்ந்தான். பின்கண்ணாடி வழியாக மாமனார் திரும்பித் திரும்பிப் பார்த்தார், வண்டியைத்தான்.

அரித்தா புறப்படும்போதே அறிவித்துவிட்டாள். “இன்னிக்கு எனக்கு லீவும்மா. புலாங் சொன்னாரு, அம்மா சொன்னான்னு என்னால தூது ஓட முடியாது. நீங்க ரெண்டு பேரும் வாட்ஸ்அப்ல பேசிக்கோங்க.”*

*தாத்தாவை அவள் புலாங் என்பாள். வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் நான் எது போட்டாலும் அவர் கட்டைவிரல் ஒன்று போடுவார். கட்டைவிரல் பேச்சில் சேருமா என்று எங்கள் தேவாலயச் சபைப் பெரியவர்களைக் கேட்டால் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார்கள்.

மைதானத்தில் முட்டைக்கோஸ் சுமக்கும் லேண்ட்ரோவர்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நின்றன. வெஸ்பாக்காரப் பையன்கள் ஒரு பக்கம், பன்றிக்கறி வாட்டும் புகை ஒரு பக்கம். உகுர் முதல் ஜீப்பைப் பார்த்ததுமே காணாமல் போனார். மாமனாரின் செஸ் கூட்டாளி தாரிகன் வந்தார். லாரி ஓட்டி ஓட்டிக் காது மந்தமான மனுஷன், அதனால் எப்போதும் சத்தமாகத்தான் பேசுவார். என்னைப் பிடித்துக்கொண்டார். நந்தே என்றால் அம்மா, அரித்தாவின் அம்மா என்றுதான் என்னைக் கூப்பிடுவார்.

“நந்தே அரித்தா, உங்க மாமனாருக்கு வியாழக்கிழமை என்னமோ ஆகுது. நல்லா ஆடிக்கிட்டே இருப்பான். திடீர்னு அப்படியே உக்காந்துடுவான். நான் ராணியைத் தூக்கிட்டுப் போனாலும் தெரியாது. கேட்டா சிரிக்கிறான். டாக்டர்கிட்ட காட்டுங்க.”

நான் சிரித்து வைத்தேன். காட்டுகிறோம் என்றேன். தாரிகன் கறி வாசனை வந்த திசையில் போனார். அரித்தா சோளத்துக்குப் போனாள்.

5

இனி அந்த இடம். இதை மூன்று விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். எதிலும் நான் அழகாக இல்லை. நடந்ததையே எழுதுகிறேன்.

மாமனார் பெரிய குடைக்கடியில் பிளாஸ்டிக் நாற்காலியில், கிழவனுக்கு அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம் வெயிலில். கொஞ்ச நேரம் இருவரும் கார்புரேட்டரைப் பார்த்தோம். பிறகு அவர் டேங்க்கைத் தட்டினார்.

“கிழவா, அந்தப் பக்கம் நிக்கிற என் மருமககிட்ட சொல்லு. வெயில் ஏறுது, குடைக்குள்ள வந்து நிக்கட்டும்.”

உகுர் இல்லை, வெட்டும் கத்தரிக்கோல் இல்லை. முழு வாக்கியம், அப்படியே. நானும் டேங்க்கிடம் சொன்னேன்.

“கிழவா, பெங்கிலாகிட்ட சொல்லு. எனக்கு வெயில் பழக்கம்தான். கால் வலிக்குதான்னு கேளு.”

“கிழவா, கால் கெடக்குது. உனக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒரு வழி பண்ணணும். அதான் மனசு வலிக்குது.”

இதுதான், வாசகரே, இதுதான் சமயம். மகாராஜா மாதிரி கதவைத் திறந்து வைத்தார். உள்ளே போக வேண்டியதுதான். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“கிழவா, பெங்கிலாவுக்கு டீ வேணுமான்னு கேளு.”

அவர் டேங்க்கில் இல்லாத தூசியைத் துடைத்தார். அப்புறம், “சீனி கம்மியா” என்றார் கிழவனிடம்.

டீயோடு திரும்பினபோது ஜெஃப்ரி வந்திருந்தான். (முதல் பிரதியில் ஜெஃப்ரியை வில்லனாக்கியிருந்தேன். தங்கச் சங்கிலி, கறுப்புக் கண்ணாடி எல்லாம் மாட்டிவிட்டேன். நிற்கவில்லை. வரும்போதெல்லாம் எங்கள் மெடான் தெருவிலிருந்து எனக்கு முறுக்கு வாங்கி வருபவனை எப்படி வில்லனாக்குவது? அன்றும் ஒரு பொட்டலம் கொண்டு வந்திருந்தான்.) உகுரும் அரித்தாவும் வந்து சேர்ந்தார்கள், தாரிகனும் வந்தார். ஜெஃப்ரி சட்டையை மடித்துக்கொண்டு உதைத்தான். கிழவன் தும்மினான். மறுபடி உதைத்தான். அடுத்த உதைக்குக் கிக்கர் திருப்பி அடித்தது. ஜெஃப்ரி ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே, மாமா, இஞ்சினில் ஏதோ கோளாறு, மெடானுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்க்கிறேன் என்றான்.

“கோளாறு ஒண்ணும் இல்ல,” என்றார் மாமனார். பிறகு கிழவனின் மேல் கையை வைத்தார். “கிழவா, நல்லாக் கேட்டுப் பாரு. நம்ம குடும்பத்துல வேற யாரும் இல்லையா?”

எல்லோரும் உகுரைப் பார்த்தார்கள். உகுர் பின்னால் நகர்ந்தார். சிரிப்பு. மாமனார் யாரையும் பார்க்கவில்லை. கார்புரேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்க ஆரம்பித்தேன். உகுர்தான், “வேற யாருப்பா இருக்கா?” என்றார்.

“சரி. அப்ப வர்ற ஞாயித்துக்கிழமை லாரி கொண்டுட்டு வா,” என்றார் மாமனார், ஜெஃப்ரியிடம்.

திரும்பி வரும்போதும் கிழவன் வளைவுக்கு வளைவு என் மேல் சாய்ந்தான். அரித்தா சோளத்தைக் கடித்துக்கொண்டே, “ஏம்மா அழற?” என்றாள். சாம்பல் காற்று, கண்ணில் விழுந்துவிட்டது என்றேன். பிள்ளை நம்பவில்லை.

6

ஆகவே முடிவு நடக்கவில்லை. நடக்காததை நடத்திவைக்கத்தானே கதை எழுதுகிறோம்? மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவு: மைதானத்திலேயே நான் முன்னால் வருகிறேன். சேலையை—(நான் சேலை கட்டியிருக்கவில்லை, ஜீன்ஸ்)—ஜீன்ஸை மடித்து ஒரே உதையில் கிளப்புகிறேன். கூட்டம் கை தட்டுகிறது. மாமனார் கண் கலங்குகிறது. இதை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. அவ்வளவு பேர் முன்னால் அவருடைய சீட்டில் ஏறியிருந்தால் அவர் கண் கலங்கியிருக்கும்தான், எதனால் என்பதுதான் கேள்வி.

இரண்டாவது: ஞாயிற்றுக்கிழமை லாரி வருகிறது. கிழவனை ஏற்றுகிறார்கள். நான் அடுப்படி ஜன்னலில் நிற்கிறேன். கொட்டகைத் தரையில் ஓர் எண்ணெய்க் கறை. இதைப் படித்தால் பத்திரிகைக்காரர்கள் உடனே போட்டுவிடுவார்கள். சோகம் என்றால் அவர்களுக்கு ஒரு மதிப்பு. எனக்குத்தான் பிடிக்கவில்லை, ஏனென்றால் ஜன்னலில் நிற்கப் போவது அவர்கள் இல்லை.

மூன்றாவது: உகுரிடம் சொல்லி, உகுர் அவரிடம் சொல்லி, அவர் உகுரிடம் சொல்லி, உகுர் என்னிடம், “சரின்னாரு” என்று சொல்வது. அல்லது “வேணாம்னாரு” என்று. இரண்டில் எது வந்தாலும் அது அவர் சொன்னதாக இருக்காது. உகுர் சொன்னதாக இருக்கும். இத்தனை வருஷம் அப்படி வாழ்ந்தாயிற்று. ஆனால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, முழு வாக்கியத்தைக் கேட்டுவிட்டேனே. அதற்குப் பிறகு சுருக்கம் எப்படி இறங்கும்?

7

இன்று வியாழக்கிழமை. உகுர் சந்தைக்குப் போயாயிற்று. மாமனார் தடியைத் தட்டிக்கொண்டு சரிவில் இறங்கியாயிற்று. நான் அடுப்படி மேசையில் உட்கார்ந்து, மூன்றாவது பகுதியைக் கொஞ்சம் விரிக்கலாம், உதைக்கிற விதத்தை வரிசையாக எழுதினால் வாசகருக்கு நம்பிக்கை வரும் என்று ஆரம்பித்தேன்:

‘முதலில் பெட்ரோல் குழாயைத் திறக்க வேண்டும். கார்புரேட்டரில் இருக்கும் குமிழை அழுத்தினால் பெட்ரோல் வழிந்து விரலை நனைக்கும். அது நனைத்த பிறகுதான்—’

பேனா நின்றுவிட்டது.

பெட்ரோல்.

எழுதியதை மறுபடி படித்தேன். ஆபரேஷன் ஆனதிலிருந்து வாரா வாரம் வண்டியைக் கிளப்புகிறேன். கோழிக் கூண்டைச் சுற்றோ சுற்றென்று சுற்றியிருக்கிறேன். ஒரு தடவைகூட நான் பெட்ரோல் போட்டதில்லை. கதையில் இவ்வளவு பெரிய ஓட்டை. எந்த வாசகரும் கேட்பார், யாரம்மா போட்டது என்று. ஓட்டையை அடைக்க, ‘நான் கேனில் வாங்கி வைத்திருந்தேன்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். சேர்க்கவும் சேர்த்தேன். அடுத்த நிமிஷம் எனக்கு மண்டையில் உறைத்தது. இது கதையில் இருக்கும் ஓட்டை இல்லையடி, உன் தலையில் இருப்பது.

உகுருக்குப் போன் போட்டேன். சந்தை இரைச்சலில் அவர் கத்தினார்.

“கிழவனுக்கா? ஓடாத வண்டிக்கு எவனாவது பெட்ரோல் போடுவானா? ஏன், என்ன ஆச்சு?”

ஒன்றும் இல்லை, கதைக்குக் கேட்டேன் என்று வைத்துவிட்டேன்.

எங்கள் காப்பிக்கடை வாசலில் பெட்ரோலைப் பாட்டிலில் ஊற்றி வரிசையாக வைத்து விற்பார்கள். இந்தப் பக்கத்தில் பெட்ரோல் பங்க் இல்லாத ஊர்களில் எல்லாம் அப்படித்தான். அதைத் தாண்டித்தான் தினமும் சபைக்குப் போகிறேன். துணிப்பையில் குலுங்கிய பாட்டிலை, வாசனைகூடப் பிடித்துப் பார்க்காமல், கள் என்று போட்டுக் கொடுத்தேன். மகன் வாய்க்கு வந்தபடி திட்டினபோது, குடிகாரன் என்ற பெயரை வாங்கிக்கொண்டு அந்த மனிதர் பேசாமல் இருந்திருக்கிறார். ‘என் மருமகளுக்கு’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். உகுர் அன்றே வண்டியைப் பூட்டி வைத்திருப்பார்.

இதையும் கேளுங்கள். வியாழக்கிழமைகளில் கிழவனின் சீட்டின் மேல் துவைத்து மடித்த துணி ஒன்று விரித்திருக்கும். தூசிக்கு என்று நினைத்துக்கொண்டு அதன் மேலேயே உட்காருவேன். மற்ற நாட்களில் காயப்போட்ட துணிகளை எடுக்கப் போகும்போது கொட்டகையைப் பார்த்திருக்கிறேனே, அப்போதெல்லாம் சீட் வெறுமையாகத்தான் இருக்கும், தூசியோடு. நடுவில் ஒரு பொருள் இருந்தால் ரெபு கெடாது. பேச்சுக்குச் சுவர் போல, உட்காருவதற்குத் துணி. இந்த வழக்கத்தில் பிறந்தவர் விரித்தார். வந்து சேர்ந்தவளான நான், அதைத் தூசித் துணி என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

தாரிகனின் ராணி எப்படிப் போகிறது என்று இப்போது புரிகிறதா? தாரிகனுக்குத்தான் காது மந்தம். இவருக்கு இல்லை. சரிவுக்கு மேலே கிழவன் பிடிக்கிற சத்தம் வரும்வரை ஆடுவார். வந்ததும் காதைக் கொடுத்துவிட்டு ராணியைக் கொடுத்துவிடுவார்.

‘நம்ம குடும்பத்துல வேற யாரும் இல்லையா?’ அது கேள்வி இல்லை. அவ்வளவு பேர் நடுவே என்னைக் கூப்பிட்டிருக்கிறார். நான் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

மேசையில் தலையைக் கவிழ்த்துக் கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் முகம் கழுவிக்கொண்டு வந்து இந்தப் பகுதியை எழுதினேன். சேர்த்த வரியை அடித்துவிட்டேன். கள் பாட்டில் பத்தியை எடுப்பதாகச் சொல்லியிருந்தேன், எடுக்க மாட்டேன்.

8

இப்போது கொட்டகைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

டேங்க் கழுத்துவரை நிறைந்திருக்கிறது. சீட்டின் மேல் துணி இருக்கிறது. வழக்கமான பழைய வேட்டித் துண்டு இல்லை. கண்காட்சிக்குக் கிழவனுக்குப் போர்த்திய சிவப்பு உயிஸ். நான்காக மடித்து, ஓரம் சரியாக ஓரத்தோடு சேர்த்து விரித்திருக்கிறார். கொட்டகையின் சுவரில் உகுரின் ஹெல்மெட் மாட்டியிருக்கிறது. அது எப்போதும் பிக்கப்பில்தான் கிடக்கும்.

இன்னொன்று. வீட்டு கேட். மாமனார் போகும்போது எப்போதும் கொண்டியைப் போட்டுவிட்டுத்தான் போவார், கோழிகள் ரோட்டுக்குப் போய்விடும் என்று. இன்று இரண்டு கதவும் திறந்து கிடக்கின்றன. கோழிகள் கூண்டுக்குள் அடைத்திருக்கின்றன.

இந்தக் கதைக்கு நான்காவது முடிவு ஒன்று இருக்கிறது. அதை நான் எழுத முடியாது. பேனாவைப் பிடித்துக்கொண்டு கிளட்சைப் பிடிக்க முடியாது, அது ஒன்று. இன்னொன்று, இதுவரை எல்லாம் வாய் மாறி வாய் மாறித்தான் வந்தது, உகுர் வாய், மாமியார் வாய், அரித்தா வாய். இதையும் நானே எழுதி முடித்தால் நானும் இன்னொரு உகுர் ஆகிவிடுவேன், ‘சரின்னாரு’ என்று சுருக்கிவிடுவேன். அவர் என்ன சொல்வாரோ, கிழவனைப் பார்த்துச் சொல்வாரோ, ஒன்றும் சொல்லாமல் செஸ் காயை நகர்த்துவாரோ, முழுசாக நடக்கட்டும்.

அதனால் உங்களிடம் ஒரு வேலை. இவ்வளவு நேரம் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தீர்கள்? உங்களிடம்தான், ஆனால் உங்களுக்காக மட்டும் இல்லை. இந்த வழக்கத்தில் நடுவில் ஒருவர் வேண்டும். இன்று அது நீங்கள். சரிவில் இரண்டு வளைவு தாண்டினால் காப்பிக்கடை. ஜன்னலோர மேசையில் தடியைச் சாய்த்து வைத்துவிட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். எதிரே சத்தமாகப் பேசுகிற ஆள். நீங்கள் எனக்கு முன்னால் போய்விடலாம், படிக்கிறவருக்கு ரோடு தேவையில்லை. போய் அவர் பக்கத்தில் நில்லுங்கள். சத்தம் கிட்டே வர வர அவர் முகத்தைப் பாருங்கள், எனக்குப் பார்க்கக் கிடைக்காது, ரோட்டைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். பார்த்ததை முடிவாக எழுதிக்கொள்ளுங்கள். நான் மாற்றச் சொல்ல மாட்டேன்.

பூட்ஸ் மாட்டியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஜெஃப்ரி வந்தால் சாப்பாடு போட்டு அனுப்புவோம், பாவம், முறுக்குக் கொண்டு வருவான்.

வாசகரே, பெங்கிலாவிடம் சொல்லுங்கள்: குடும்பத்தில் இன்னொருத்தி இருக்கிறாள். வந்துகொண்டிருக்கிறாள். ராணியை மட்டும் கொஞ்சம் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.